பொன்னாடை போதாது!

புதிய மாத்திரை ஒன்று பிறந்தால் கம்பெனி வருகிறது, விளம்பரம் வருகிறது, விருந்தும் வருகிறது. மூச்சுத் திணறும் நோயாளியை எவ்வளவு தூரம் நடக்க வைக்கலாம், எப்படி நடக்க வைக்கலாம் என்று ஓர் இளைஞன் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து கூறினால், அவனைத் தேடி வருவது யார்? மாத்திரையை விற்க ஆள் உண்டு. நடையை விற்க ஆள் இல்லை! நுரையீரல் மறுவாழ்வுச் சிகிச்சைத் துறையில் காலடி வைக்கும் இளம் ஆய்வாளர்களின் நிலை இதுதான், தோழர்களே!

அது என்ன சிகிச்சை? புகையும் தூசியும் தின்று தீர்த்த நுரையீரலோடு எத்தனையோ உழைப்பாளிகள் வாழ்கிறார்கள். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 35 இலட்சம் உயிர்களைக் குடித்தது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இந்த நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது. ஆகவே நடக்க அஞ்சுகிறான். நடக்காததால் கால் தசை மெலிகிறது. மெலிந்த தசை சிறு வேலைக்கும் திணறுகிறது. மறுபடியும் மூச்சு வாங்குகிறது. செக்கு மாட்டுச் சுற்று! அந்தச் சுற்றை அறுப்பதுதான் மறுவாழ்வுப் பயிற்சி. கெட்டுப்போன நுரையீரலை அது புதிதாக்குவதில்லை. காலுக்கும் கைக்கும் வலுவூட்டுகிறது. மூச்சைச் சிக்கனமாகச் செலவிடக் கற்றுத் தருகிறது. நெஞ்சில் குடியேறிய அச்சத்தை விரட்டுகிறது.

"நடந்தால் நல்லது என்று எங்கள் பாட்டியே சொல்வாளே, இதற்கோர் ஆராய்ச்சியா?" என்று ஏளனம் பேசுவோர் உண்டு. பாட்டி சொன்னாள், சரி. படித்த டாக்டர்கள் என்ன சொன்னார்கள்? சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, "மூச்சு வாங்குகிறதா? படுத்திரு" என்பதே பெரும்பாலோரின் அறிவுரை! அமெரிக்காவின் டென்வர் நகரில் டாமஸ் பெட்டி என்ற மருத்துவர், இந்த நோயாளிகளுக்கான முழுமையான பராமரிப்புத் திட்டத்தை 1969இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 36. முதுமை கட்டிக் காத்த பழக்கத்தை இளமை கேள்வி கேட்டது!

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரைப் பாருங்கள். இயன்முறை மருத்துவத் துறையைச் சேர்ந்த சாலி சிங், தம் தோழர்களோடு சேர்ந்து 1992இல் ஒரு நடைச் சோதனையை வெளியிட்டார். 10 மீட்டர்ப் பாதை. இரு முனையிலும் இரு அடையாளங்கள். ஒலிநாடாவில் ஒரு சத்தம். சத்தத்திற்கேற்ப நோயாளி போய்த் திரும்ப வேண்டும். நிமிடத்திற்கு நிமிடம் வேகம் கூடும். இலட்ச ரூபாய் இயந்திரம் இல்லை. ஆனால் நோயாளியின் ஆற்றல் இவ்வளவு, அவனுக்கு ஏற்ற பயிற்சி இவ்வளவு என்று அளந்து சொல்லும் துலாக்கோல் கிடைத்தது. அவர் பின்னாளில் பேராசிரியராக உயர்ந்தார்.

நிலக்கரித் தூசியில் தலைமுறைகள் மூழ்கிய தெற்கு வேல்ஸில், 200 நோயாளிகளைக் கொண்டு நடந்த சோதனை 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு 6 வாரப் பயிற்சி; மறுபகுதிக்கு வழக்கமான மருத்துவம். ஓராண்டில் மருத்துவமனையில் சேர்ந்தோர் எண்ணிக்கை இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் பயிற்சி பெற்றோர் சராசரியாக 10.4 நாள் படுத்தார்கள். பெறாதோர் 21 நாள்! அதே வேல்ஸில் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரலை ஆராய்ந்த ஆர்ச்சி காக்ரேனின் பெயர் தாங்கிய அமைப்பு, 65 சோதனைகளை, 3,822 நோயாளிகளை ஒருசேர எடைபோட்டு, 2015இல் தீர்ப்பளித்தது: மூச்சுத்திணறல் குறைகிறது, வாழ்வு மேம்படுகிறது என்று.

தீர்ப்பு வந்துவிட்டது. நீதி கிடைத்ததா? செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலே, 2014இல் இந்த நோயால் மருத்துவமனை சென்று திரும்பிய அரசுக் காப்பீட்டு முதியோரில், 3 மாதத்திற்குள் இந்தப் பயிற்சியைத் தொடங்கியவர்கள் 100க்கு 2 பேர்கூட இல்லை! மருந்து இருக்கிறது, கொடுக்கக் கை இல்லை. பயிற்சி நிலையம் போதாது, பயிற்றுவோர் போதாது, தொலைவிலிருக்கும் ஏழைக்கு வர வழியில்லை.

இந்தப் பூட்டைத் திறக்கும் சாவியையும் ஆய்வாளர்கள்தாம் தேடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், ஒருமுறை வீட்டுக்குச் சென்று, பிறகு வாரம் ஒரு தொலைபேசி அழைப்பாக 7 அழைப்புகளில் பயிற்சியை நடத்திப் பார்த்தார்கள். பயிற்சி முடிந்த வேளையில், நிலையத்திற்கு வந்தவர்களுக்கு இவர்கள் இளைத்தவர்களல்லர் என்று 2017இல் அறிவித்தார்கள்.

இத்தகையோரை உலகம் எப்படி மதிக்கிறது? அமெரிக்க மார்பு நோய்ச் சங்கத்தில் இந்தச் சிகிச்சைக்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. இளம் ஆய்வாளரைப் பாராட்டும் வழக்கமும் இருக்கிறது. அதை நாம் இகழவில்லை. மேடையில் ஒரு பெயர் ஒலித்தால், அடுத்த கதவு திறக்கும். ஆனால் கேட்கிறோம்: மாலை போட்ட மறுநாள் என்ன? பல நாடுகளில் இளம் ஆய்வாளனுக்கு ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம்தான். முடிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பகலெல்லாம் நோயாளியைக் கவனிக்கும் இயன்முறை மருத்துவர், ஆய்வை இரவில் திருட்டுத்தனமாகவா செய்வது? விருது சுவரில் தொங்குகிறது. வீட்டு வாடகையோ வாசலில் நிற்கிறது!

இது எங்கோ நடப்பதுதானே என்று எண்ணிவிடாதீர்கள். இந்தியாவில் 2016இல் இந்த நோயோடு வாழ்ந்தவர்கள் சுமார் 5 கோடியே 50 இலட்சம் பேர். கல்லுடைக்கும் தோழனின் நெஞ்சுக்குள் தூசி. பஞ்சாலைத் தோழனின் நெஞ்சுக்குள் பஞ்சு. விறகடுப்பை ஊதிய தாயின் நெஞ்சுக்குள் புகை. இவர்களுக்கு ஏற்ற பயிற்சியை டென்வரும் லெஸ்டரும் வகுத்துத் தருமா? வகுக்க வேண்டியவர்கள் நம் மருத்துவக் கல்லூரிகளில் இன்று படிக்கும் இளைஞர்கள்!

ஆகவே நாம் கேட்பது இது: நிலையான பதவி கொடுங்கள். வார வேலையில் ஆய்வுக்கென நேரம் ஒதுக்குங்கள். மருத்துவரோடு இயன்முறை மருத்துவரையும் செவிலியரையும் ஆய்வாளர் வரிசையில் சமமாக அமர்த்துங்கள். இலாபம் காணும் கம்பெனி எதுவும் இவர்களைத் தாங்க வராது. மக்கள் பணம்தான் தாங்க வேண்டும். ஏனெனில் மீளப்போவது மக்களின் மூச்சு!

பொன்னாடையைப் போர்த்துங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? அதற்குள் ஒரு நியமன உத்தரவையும் வைத்துப் போர்த்துங்கள்!