பயந்த முகத்துக்கு மார்க் கம்மி

"அவன் ஒரு சைக்கோடா." இந்த வாரம் மட்டும் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க? இன்டர்னல் மார்க்கைக் குறைச்ச சார் சைக்கோ, ராத்திரி ரெண்டு மணிக்கு மேகி கிண்டுற ரூம்மேட் சைக்கோ. நானும் சொல்றவன்தான். ஆனா ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்காக நாலு மாசம் முகங்களையே பார்த்துட்டு இருந்ததுல, எனக்கும் இந்த வார்த்தைக்கும் ஒரு சண்டை.

ப்ராஜெக்ட் ஒண்ணும் புதுசு இல்ல. முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்ற மாடல். உங்க டிபார்ட்மென்ட்லயும் ரெண்டு டீம் இதையே பண்ணிட்டு இருக்கும். எஃப்.ஈ.ஆர். 2013 டேட்டாசெட், கிட்டத்தட்ட 35,900 படம், எல்லாம் 48-க்கு 48 பிக்சல், கறுப்பு வெள்ளை. சிரிச்ச முகத்தை எங்க மாடல் சுலபமா பிடிச்சிடுச்சு. சொதப்பினது பயத்துல. பயந்த முகத்தைக் காட்டினா சோகம்னு சொல்லும், இல்லனா ஆச்சரியம்னு சொல்லும். ஏன்னு தேடப் போய்தான் சைக்கோபதி ஆராய்ச்சியில விழுந்தேன்.

முதல்ல ஒண்ணு. சைக்கோபதி வேற, சைக்கோசிஸ் வேற. இல்லாத குரல் காதுல கேட்கிறது, நிஜத்தோட தொடர்பு அறுந்து போறது, இதெல்லாம் சைக்கோசிஸ். சைக்கோபதி உள்ளவருக்கு நிஜம் நல்லாவே தெரியும். நல்லா பேசுவார், சிரிப்பார், ஆனா குற்ற உணர்ச்சி இருக்காது. 1941-ல அமெரிக்க மனநல மருத்துவர் ஹெர்வி கிளெக்லி இதைப் பத்தி எழுதின புத்தகத்தோட தலைப்பிலேயே முகமூடின்னு ஒரு வார்த்தை இருக்கு. கனடாவோட ராபர்ட் ஹேர் அப்புறம் 20 அம்சம் கொண்ட ஒரு பட்டியல் போட்டார். ஒவ்வொண்ணுக்கும் 0, 1 அல்லது 2. பயிற்சி எடுத்தவங்க நேர்ல பேசி, பழைய ரெக்கார்டையும் படிச்சுப் போடுற மார்க் அது. இன்ஸ்டால வர்ற பத்து கேள்வி குவிஸ் இல்ல. நம்ம ரெண்டையும் ஒரே 'சைக்கோ'ல போட்டுக் குழப்பி வச்சதுல, உண்மையிலேயே உதவி தேவைப்படுறவன் டாக்டர்கிட்ட போகவே வெட்கப்படுறான்.

இப்போ முகத்துக்கு வரேன். எதிர்ல இருக்கிறவன் பயந்தா, அழுதா, நமக்குள்ள ஒரு பிரேக் விழும். சைக்கோபதியில அந்த பிரேக் சரியா வேலை செய்யலைங்கிறது ஜேம்ஸ் பிளேரோட வாதம். 2008-ல அவரும் அபிகெய்ல் மார்ஷும் 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. சமூக விரோத நடத்தை உள்ளவங்க குறிப்பா பயந்த முகத்தை அடையாளம் காணத்தான் திணறினாங்க. 2012-ல வந்த இன்னொரு தொகுப்பு, சைக்கோபதியில பயம் மட்டும் இல்ல, மத்த உணர்ச்சிகளும் தடுமாறுதுன்னு சொல்லுது. அந்தச் சண்டை இன்னும் முடியல.

என்னை நிறுத்தி வச்சது வேற ஒண்ணு. மூளையில அமிக்டலாங்கிற பகுதி ரெண்டு பக்கமும் சேதமான ஒரு அம்மாவை, எஸ்.எம். என்ற பேர்ல ஆராய்ச்சி பண்ணாங்க. அவங்களுக்கு பயந்த முகம் தெரியவே தெரியாது. 2005-ல காரணம் தெரிஞ்சது: அவங்க கண்ணையே பார்க்கிறதில்ல. "கண்ணைப் பாருங்க"ன்னு சொன்னதும் சரியா சொல்லிட்டாங்க! சொல்றதை நிறுத்தினா திரும்பப் பழையபடிதான். அடுத்த வருஷமே ஆஸ்திரேலியாவுல, இரக்கம் கம்மியா இருக்கிற பசங்ககிட்டயும் இதையே பார்த்தாங்க. கண்ணைப் பார்க்கச் சொன்னா பயம் தெரியுது. 2013-ல நெதர்லாந்துல சைக்கோபதி உள்ள கைதிகளை ஸ்கேனர்ல படுக்க வச்சு, வீடியோவுல இருக்கிறவங்க உணர்றதை நீங்களும் உணர்ந்து பாருங்கன்னு கேட்டாங்க. அதுவரை அடங்கிக் கிடந்த மூளை, மத்தவங்க மூளை மாதிரியே கிட்டத்தட்ட வேலை செஞ்சது.

அதாவது திறமை முழுசா இல்லாமப் போகல. தானா ஓடல, அவ்வளவுதான்.

இதைப் படிச்ச ராத்திரி எனக்கு எந்தக் கைதியும் ஞாபகம் வரல. போன வருஷம் ஹாஸ்டல்ல ஒரு ஜூனியரை நிக்க வச்சு 'இன்ட்ரோ' கேட்டது ஞாபகம் வந்துச்சு. நாங்க யாரும் அதை ராகிங்னு சொல்லிக்கல. பாடச் சொன்னோம். இங்கிலீஷ்ல பேசச் சொன்னோம், அவன் தமிழ் மீடியம். நான் இங்கிலீஷ் மீடியம், எனக்கு அது பெரிய காமெடி. என்ன பாடினான்னு ஞாபகம் இருக்கு, முகம் ஞாபகம் இல்ல. ஏன்னா நான் போன்ல வீடியோ எடுத்துட்டு இருந்தேன். அது இன்னும் கேலரியில இருந்துச்சு. போட்டுப் பார்த்தேன். விரிஞ்ச கண்ணு, மேல ஏறின புருவம். மாடலுக்குக் கொடுக்கத் தேவையே படல.

நம்ம எல்லாரும் சைக்கோபாத்னு சொல்ல வரல. அதுக்கு நேர் எதிர். அந்த வார்த்தை நம்மளைத் தப்பிக்க விடுதுங்கிறதுதான் என் கோபம். கொடுமை பண்றவன் வேற ஜாதி மூளைன்னு ஒதுக்கிட்டா, ஒரு குறையும் இல்லாத மூளையோட கண்ணைப் பார்க்காம நின்ன நான் எங்க போறது? இதே நாமதான் கிளாஸ்ரூம்ல கேமரா வச்சு முகத்தை அளக்கிற ப்ராஜெக்ட்டுக்கு அப்ஸ்ட்ராக்ட் எழுதுறோம். ஐரோப்பிய யூனியன் 2024-ல கொண்டு வந்த ஏ.ஐ. சட்டம், பள்ளி கல்லூரியிலயும் வேலை இடத்துலயும் இந்த மாதிரி உணர்ச்சி கண்டுபிடிக்கிற சிஸ்டத்தைப் பொதுவா தடை பண்ணிடுச்சு. அதை ரிவ்யூல சொன்னேன், கைடு சிரிச்சுட்டு அடுத்த ஸ்லைடுன்னாங்க.

வீடியோவை அழிக்கிறதுக்கு முன்னாடி அந்தத் தம்பி ரூமுக்குப் போனேன். இப்போ அவன் செகண்ட் இயர். சாரி கேட்டேன். "பரவாயில்லண்ணா, அப்பவே மறந்துட்டேன்"னு சொன்னான். வாய்தான் சிரிச்சுது.