பட்டாளத்து மெக்கானிக்குக்கு வாட்ச்மேன் வேலையா?

பட்டாளத்தில் லாரி எஞ்சினைப் பிரித்து மாட்டியவர், ரேடியோ கருவியைப் பழுது பார்த்தவர், காயம்பட்டவருக்குக் கட்டுப் போட்டவர் - நாற்பது வயதையொட்டி ஊர் திரும்பும் இவர்களில் பலருக்குக் கிடைப்பது என்ன? பாங்கு வாசலில் காவல் உத்தியோகம்! பட்டாளம் தரும் தொழிற் சான்றிதழை முதலாளிகள் பலர் மதிப்பதில்லை.

மத்திய சர்க்காரின் ‘சி’ பிரிவுப் பதவிகளில் மாஜி ராணுவத்தினருக்கு 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. அது ஏட்டில்தான், இடங்கள் முழுவதும் நிரப்பப்படுவதில்லை. 2022-ல் வந்த அக்னிபத் திட்டமோ, நான்கே ஆண்டுகளில் நூற்றுக்கு 75 பேரைப் பென்ஷனின்றி வெளியேற்றும் ஏற்பாடு.

சால்வை சோறு போடாது. ராணுவத்தில் கற்ற தொழிலுக்கு ஐ.டி.ஐ. சான்றிதழுக்குரிய அந்தஸ்து தருக! ஒதுக்கிய இடங்களை நிரப்புக!

தேர்ந்த தொழிலாளியை மலிவுக் கூலிக்குத் தள்ளினால், ஆலைக்குள் இருப்பவர் கூலியும் சரியும். எனவே தொழிற்சங்கங்கள் இக்கோரிக்கையைத் தம்முடையதாக ஏற்றுப் போராட வேண்டும்.