கரகரப்பும் துண்டிப்பும் ஒன்றல்ல

பதுளைக்கும் கொழும்புக்கும் நடுவே மலைகள் நிற்பதால் வீ.எச்.எஃப். அலை நேராகப் போய்ச் சேராது. ஊவாத் தோட்டப்புறத்தில் அமெச்சூர் வானொலி பழகுகிறவருக்கு 7 மெகாஹேர்ட்ஸ்தான் கைகொடுக்கும். தாழக் கட்டிய கம்பி ஏரியலிலிருந்து மேல்நோக்கிப் போகும் அலை, அயனமண்டலத்தில் திரும்பி மலைக்கு அந்தப் பக்கம் இறங்கும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியதைக் கண்ட மாவட்டம் இது. கைத்தொலைபேசிக் கோபுரம் விழுந்தாலும் பேச இன்னொரு வழி வேண்டும் என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஒலிபரப்ப இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும். அதற்கு முன் கேட்டுப் பழகத்தான் பலரும் ஒரு யூஎஸ்பி டொங்கிளை லெப்டொப்பில் செருகி மென்பொருள் வானொலியைத் தொடங்குகிறார்கள். சில நாட்களிலேயே முறைப்பாடு வருகிறது: “சத்தம் வெட்டி வெட்டி வருது.” உடனே ஏரியலை மாற்றுகிறார்கள், டிரைவரை அழித்து மீண்டும் போடுகிறார்கள், பத்து அமைப்புகளை ஒரே நேரத்தில் திருப்புகிறார்கள். கடைசியில் எது சரியானது, எது கெட்டது என்று அவர்களுக்கே தெரிவதில்லை.

முதலில் பிரித்தறிய வேண்டியது ஒன்றுதான். வெளியிலிருந்து வந்து சேரும் இரைச்சல் ஒரு கோளாறு. உள்ளே வந்த ஒலியின் துண்டுகள், அதாவது மாதிரிகள், தொலைவது வேறொரு கோளாறு. காதுக்கு இரண்டும் ஒன்றுபோல் கேட்கலாம். திரையில் வழியும் அலைப்படம் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். எல்.ஈ.டி. பல்ப், மலிவான சார்ஜர் போன்றவற்றின் இரைச்சல் பெரும்பாலும் சம இடைவெளி விட்ட செங்குத்துக் கோடுகளாக நீடிக்கும். டொங்கிளிலிருந்து கணினிக்கு வரும் வழியில் மாதிரிகள் தொலைந்தால், படத்தின் முழு அகலத்துக்கும் ஒரு கிடைக்கோடு வெட்டும். மின்னலும் அதே கிடைக்கோட்டைப் போடும். ஆகவே ஏரியலைக் கழற்றிப் பாருங்கள். இடி நாளில் அது எப்படியும் கழற்றியே இருக்க வேண்டும். கழற்றிய பிறகும் வெட்டு நிற்கவில்லை என்றால் குற்றம் வானத்தில் இல்லை. மூன்றாவது வகையும் உண்டு: படம் ஒரு பிசகும் இல்லாமல் ஓடும், காதில் மட்டும் ஒலி அறுபடும். அப்போது டொங்கிளைத் தொடவே வேண்டாம். கோளாறு சவுண்ட் கார்டுக்குப் போகும் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது.

மாதிரிகள் தொலைவதற்குப் பெரும்பாலும் பேராசைதான் காரணம். வினாடிக்கு 24 இலட்சம் மாதிரி என்று வைத்தால், மாதிரிக்கு 2 பைட் வீதம் 48 இலட்சம் பைட் ஒவ்வொரு வினாடியும் யூஎஸ்பி வழியே ஓட வேண்டும். நமக்கு 7.0 முதல் 7.2 மெகாஹேர்ட்ஸ் வரையான சிறு பட்டைதான் தேவை. வேகத்தை 10 இலட்சமளவுக்கு இறக்கினாலே பழைய லெப்டொப்பும் மூச்சு விடும். நீட்டிப்புக் கம்பியையும் ஹப்பையும் விலக்கி, டொங்கிளை நேரே செருகிப் பார்ப்பது அடுத்தது.

கடைசிக் கட்டத்தில் பார்க்க வேண்டியது பஃபர். பீலித் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும் தொட்டியில் இருப்பு இருந்தால் குழாய் தடையின்றி ஓடும் அல்லவா, பஃபரின் வேலையும் அதுதான். வினாடிக்கு 48,000 மாதிரி ஓடும்போது 512 மாதிரி கொண்ட பஃபர் ஏறக்குறைய 11 மில்லிவினாடிக்கே போதும். வைஃபை டிரைவர் சற்று நேரம் கணினியைப் பிடித்துக்கொண்டால் தொட்டி வறண்டு ‘டிக்’ என்று கேட்கும். 4,096 என்று வைத்தால் 85 மில்லிவினாடி கிடைக்கும். கேட்பவருக்கு அந்தத் தாமதம் தெரியாது.

எல்லாம் சரியாக இருந்தும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் ‘டிக்’ விழுகிறதா? இதில்தான் பலரும் குழம்புகிறார்கள். டொங்கிளுக்கு ஒரு கடிகாரம், சவுண்ட் கார்டுக்கு இன்னொன்று. இரண்டும் பத்து இலட்சத்தில் 50 பங்கு வேறுபட்டாலே வினாடிக்கு 2.4 மாதிரி மிஞ்சும். பாதி நிரம்பிய 4,096 பஃபர் சுமார் 14 நிமிடத்தில் வழிந்துவிடும். இது பழுதே அல்ல. பேச்சைக் கேட்பவர் பொருட்படுத்த வேண்டியதில்லை. எஃப்.டி.8 போன்ற இலக்கமுறைத் தொடர்பில் மட்டும் கவனம் வேண்டும்: 12.64 வினாடி நீளும் செய்தியின் நடுவே மாதிரிகள் விழுந்தால் மீதிக் குறியீடுகள் நேரம் பிசகும். வானொலி மென்பொருளிலும் விண்டோஸ் ஒலி அமைப்பிலும் மாதிரி வேகம் 48,000 என்றே இருக்கட்டும். ஓரிடத்தில் 44,100 கிடந்தால் இடையில் தேவையில்லாத ஒரு மாற்றம் நடக்கும்.

இருட்டிய பிறகு மட்டும் எல்லாம் குழம்பினால், 7.2க்கு மேலே வலுவாக ஒலிக்கும் வெளிநாட்டு வானொலிகளைச் சந்தேகியுங்கள். 8 பிட் டொங்கிள் அந்தச் சுமையைத் தாங்காது, கெயினைக் குறையுங்கள்.

இன்னொரு சோதனையை மழைக்காலத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும். லெப்டொப்பின் சார்ஜரைப் பிடுங்கி, பற்றரியில் அரை மணி நேரம் கேளுங்கள். இரைச்சல் குறைந்தால் சார்ஜரே குற்றவாளி. மாறாக ஒலி துண்டுபடத் தொடங்கினால், பற்றரிக்கு மாறியதும் கணினி தன் வேகத்தைக் குறைத்து யூஎஸ்பியையும் தூங்க வைக்கிறது என்று அர்த்தம். மின்சேமிப்பு அமைப்பில் பற்றரிக்கென்று தனியாக இருக்கும் பகுதியில் யூஎஸ்பி இடைநிறுத்தத்தை அணைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். மண் சரிந்து மின்கம்பம் சாயும் இரவில் அந்த லெப்டொப் பற்றரியில்தான் ஓடப்போகிறது.