நெட்டைப் பையனும் இருபது இஞ்சு சக்கரமும்



சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளை, கையில் இரண்டு மாதச் சம்பளம் சேர்ந்ததும் "அம்மா, ஒரு பி.எம்.எக்ஸ். சைக்கிள் எடுக்கப் போறேன்" என்று போன் பண்ணுகிறான். எடுக்கட்டுமே. குடியிலும் சூதிலும் காசைத் தொலைப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் பிள்ளை ஆறடி உயரம் என்றால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். முதுகு, முழங்கால், மணிக்கட்டு மூன்றும் இதில் சம்பந்தப்பட்டவை. நமக்குச் சோறு போடுவதே அந்த மூன்றும்தானே?

வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். "இது பொடிப்பசங்க சைக்கிள், உனக்கு எதுக்குடா?" என்பார் அப்பா. "வளந்த பிள்ளை, பெரிய சக்கரமா பாத்து வாங்கு" என்பார் மாமா. இரண்டுமே சரியல்ல. பி.எம்.எக்ஸ். சைக்கிளுக்குச் சக்கரம் பெரும்பாலும் 20 இஞ்சுதான். ஓட்டுபவர் குட்டையோ நெட்டையோ, அது மாறுவதில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலிருந்து வளர்ந்த ஆண்களும் பெண்களும் இந்தச் சின்னச் சக்கரத்தில்தான் பந்தயம் ஓட்டுகிறார்கள். 2010-ல் சிங்கப்பூரில் இளையர் ஒலிம்பிக் நடந்தபோது, தெம்பனிஸில் இதற்கென்றே மண்மேடு போட்டுத் தடம் அமைத்தார்கள். அந்த இடம் 2014-ல் மூடப்பட்டுவிட்டது.

அப்படியானால் உயரத்துக்கு எதைப் பார்ப்பது? பாரைப் பாருங்கள். சின்னப் பிள்ளையை முன்னால் உட்கார வைத்து ஓட்டுவோமே, அந்தப் பார்தான். கடையில் 'டாப் டியூப்' என்பார்கள். ஹேண்டில் இறங்கும் குழாயின் நடுவிலிருந்து சீட்டுக் குழாயின் நடுவரை டேப் வைத்து அளக்க வேண்டும். ஐந்தடி எட்டங்குலம் வரை உள்ளவர்களுக்கு ஏறக்குறைய 20½ இஞ்சு போதும். அதற்கு மேல் ஆறடி வரை 20¾ முதல் 21. ஆறடியைத் தாண்டியவனுக்கு 21-க்குக் குறையக் கூடாது. 21½ வரை போகலாம். ஹேண்டிலும் 9 இஞ்சுக்கு மேல் எழும்பி நிற்க வேண்டும்.

"அரை இஞ்சுல என்னங்க வந்துடப் போகுது?" என்று கேட்பீர்கள். இந்தச் சைக்கிளை நின்றுகொண்டுதான் அதிகம் ஓட்டுவது. பார் குட்டையானால் நெட்டையன் கூன் போட்டு நிற்பான். திரும்பும்போது முழங்கால் ஹேண்டிலில் இடிக்கும். பாரம் முழுதும் மணிக்கட்டில் இறங்கும். ஒரு நாளில் தெரியாது. ஞாயிறு தோறும் ஓட்டிவிட்டுத் திங்கட்கிழமை சாமான் தூக்கும்போது இடுப்பு சொல்லும்.

என் கருத்தில் இன்னொன்று இதைவிட முக்கியம். விளையாட்டுக்கு வாங்கிய பி.எம்.எக்ஸ்.ஸையே தினமும் வேலைக்கு ஓட்டிப் போகக் கூடாது. சீட் மிகத் தாழ்வு. உட்கார்ந்து மிதித்தால், பெடல் கீழே போன நேரத்திலும் கால் நீளாது. மடங்கிய முழங்கால் மடங்கியபடியே உழைக்கும். சிலர் சீட்டுக் கம்பியை மேலே இழுத்துவிடுகிறார்கள். கம்பியில் ஒரு கோடு போட்டிருக்கும். அது வெளியே தெரிந்தால் ஆபத்து, கம்பி முறியலாம். தினம் நாலைந்து மைல் போகிறவனுக்குச் சாதாரண சைக்கிளே உத்தமம். நம் தாத்தாமார் ஓட்டிய 28 இஞ்சு ராலே சைக்கிளைக் கேலி செய்கிறோம், ஆனால் நெட்டையனுக்கு அதில் கால் நன்றாக நீண்டது.

பழைய சைக்கிள் தேடுகிறவர்கள் முன்பு சுங்கை ரோடு சந்தைக்குப் போவார்கள். 2017-ல் அது மூடிய பிறகு கைமாற்றாகத்தான் வாங்குகிறார்கள். தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் நண்பர்களுக்குள்ளேயே பேசி முடிப்பதும் உண்டு. விலை குறைவு என்று உடனே காசை நீட்டாமல், ஏறி நின்று நாலு சுற்றுச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக்கையும் பார்க்க வேண்டும். ஸ்டைலுக்காகப் பிரேக்கைக் கழற்றிய பி.எம்.எக்ஸ். நிறைய உண்டு. சிங்கப்பூரில் 2021 செப்டம்பரிலிருந்து கை பிரேக் ஒன்றாவது வேலை செய்ய வேண்டும் என்பது சட்டம். சாலையில் இறங்கினால் தலைக்கவசமும் கட்டாயம்; அது 2019 முதல்.

குட்டைப் பாரை ஏற்கெனவே வாங்கிவிட்டவன் உயரமான ஹேண்டில் மாட்டிக்கொள்ளலாம். முதுகு கொஞ்சம் நிமிரும். முழங்கால் இடிப்பதும் குறையும். ஆனால் பார் நீளாது. மூணு மாசம் பொறுத்து அதை விற்றுவிட்டு, அளவானதாக எடுக்கச் சொல்லுங்கள்.