மரமேறும் கருவி விற்கும் நாம் செய்ய வேண்டியது



தென்னந்தோப்புகள் நிறைந்த நமது பகுதியில் இரும்புக்கடை, விவசாயக் கருவிகள் கடை வைத்திருப்போர் பலரது வாசலில் இன்று தென்னை மரமேறும் கருவி தொங்குகிறது. நம் தந்தையார் கல்லாவில் இருந்த காலத்தில் இப்படி ஒரு சரக்கு இருப்புப் பட்டியலிலேயே கிடையாது. மரம் ஏறும் தொழிலாளர் குறைந்துவிட்டார்கள். ஒன்றரை மாதம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காய் பறித்தாக வேண்டிய தோப்பில் ஆள் கிடைக்காமல் நெற்று தானாக விழுகிறது. ஆகவே தோப்புக்காரர்கள் தாங்களே கருவியை வாங்கி ஏறுகிறார்கள். பழக்கமில்லாத இளைஞர்களும் பிழைப்புக்காக வாங்குகிறார்கள். வியாபாரம் நடக்கிறது, மகிழ்ச்சிதான். ஆனால் இந்தச் சரக்கை நாம் விற்கும் முறை சரிதானா என்பதை ஒருமுறை உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

பிறரைக் குறை சொல்வதற்கு முன் நமது கடையிலேயே நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். ஒருநாள் காலை ஓர் இளைஞர் வந்தார். கருவியின் விலையைக் கேட்டார். சேஃப்டி பெல்ட்டோடு சேர்த்துச் சொன்னோம். "பெல்ட் எதுக்குங்க? எங்கய்யன் தளைக்கயிறு போட்டே அம்பது வருசம் ஏறினாரு. பெல்ட்டைக் கழிச்சிட்டுப் போடுங்க" என்றார். பேரம் முறிந்துவிடக் கூடாதே என்று நாமும் கழித்துப் போட்டோம். பில்லில் பெல்ட் என்ற வரியை அடித்துவிட்டுத் தொகையைத் திருத்தியது நமது கைதான். மூன்று மாதம் கழித்து அவர் மனைவி அந்தக் கருவியைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். இருபது அடி உயரத்தில் ஒரு காலின் கம்பி வளையம் நழுவி அவர் விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. அந்த அம்மா சண்டைக்கு வரவில்லை. "ஏனுங்கண்ணா, இதை நீங்களே எடுத்துக்கிட்டு ஏதாச்சும் குடுங்க. இனி எங்க வீட்ல மரம் ஏற ஆளில்லீங்க" என்றுதான் சொன்னார். முழு விலையையும் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் அந்தக் கணக்கு அதோடு முடிந்துவிட்டதாக நமக்குத் தோன்றவில்லை.

மரத்திலிருந்து விழுந்தவனை மாடு ஏறி மிதித்தது போல என்பார்கள். கூலியை நம்பிய குடும்பத்தில் சம்பாதிக்கிறவர் படுத்துவிட்டால் மருத்துவச் செலவு ஒரு பக்கம், கடன் மறு பக்கம் என்று ஏறி மிதிக்கத்தான் செய்யும். அதைத் தடுத்திருக்கக்கூடிய பொருள் நமது கடையில், கைக்கெட்டும் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்தக் கருவியின் வரலாற்றைப் பார்த்தாலும் இதே பாடம்தான். கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் என்கிற அப்பச்சன் உருவாக்கியதுதான் இன்று அதிகம் விற்கும் நின்று ஏறும் வகை. இரண்டு இரும்புச் சட்டம், இரண்டு கம்பிக் கயிற்று வளையம், மாறி மாறிக் காலைத் தூக்கி வைத்தால் நடப்பது போல மேலே போகலாம். எளிமையும் மலிவுமே அதன் வெற்றி. ஆனால் தொடக்கத்தில் இதில் ஏறுகிறவரைத் தாங்கிப் பிடிக்கத் தனி ஏற்பாடு இல்லை. காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் பிறகு அதற்கென்றே ஒரு பாதுகாப்பு இணைப்பை வடிவமைத்தது. ஆராய்ச்சி நிலையத்தார் யோசித்துச் சேர்த்த பொருளைத்தான் நாம் பேரத்தில் கழித்துவிடுகிறோம்!

தளைக்கயிறு போட்டே முன்னோர் ஏறினார்களே என்ற வாதத்துக்கும் பதில் உண்டு. அவர்கள் சிறுவயது முதல் மரத்தோடு வளர்ந்தவர்கள். எந்த மரம் ஈரம், எந்த மட்டை காய்ந்தது என்று கால் விரலே அவர்களுக்குச் சொல்லும். இன்று நம்மிடம் கருவி வாங்குகிறவர் நேற்றுவரை டிராக்டர் ஓட்டியவராக இருக்கலாம், மில்லில் வேலை பார்த்தவராக இருக்கலாம். பழக்கம் இல்லாத இடத்தைக் கருவிதான் நிரப்ப வேண்டும்.

சரி, மலிவாகவும் பாதுகாப்பாகவும் கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? கொள்முதல் செய்யும்போது நாம் பார்க்க வேண்டியவை இவை.

முதலாவது, கம்பிக் கயிறு. இழை அறுந்து முள் போல நீட்டிக்கொண்டிருந்தாலோ, துரு ஏறியிருந்தாலோ அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள். கயிற்றை மடக்கி யு கிளிப் போட்டிருந்தால் கிளிப் எந்தப் பக்கம் போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கிளிப்பின் பள்ளமான அடிப்பகுதி பாரம் தாங்கும் கயிற்றின் மேலும், வளைந்த யு கம்பி வெட்டிவிட்ட நுனிப் பக்கத்தின் மேலும் அமர வேண்டும். தலைகீழாகப் போட்டால் பாரம் தாங்கும் கயிறே நசுங்கிப் பலம் குன்றும். பார்க்க அழகாகப் பெயின்ட் அடித்த கருவியிலும் இந்தத் தவறு இருக்கும்.

இரண்டாவது, வெல்டிங். மிதிக்கும் தட்டும் சட்டமும் சேரும் இடத்தில் வெல்டிங் முழுவதும் ஓடியிருக்க வேண்டும். புள்ளி வைத்தது போல இரண்டு இடத்தில் ஒட்டவைத்தது போதாது. நட்டுகள் ஆட்டத்தில் கழன்றுவிடாத நைலாக் நட்டாக இருப்பது நல்லது.

மூன்றாவது, ரப்பர்ப் பிடி. மரத்தை அணைக்கும் இடத்தில் ரப்பர் தேய்ந்தால் தனியாக மாற்ற உதிரி கிடைக்குமா என்று உற்பத்தியாளரைக் கேளுங்கள். உதிரி கிடைக்காத கருவி மலிவு அல்ல. ரப்பருக்காகக் கருவியையே மாற்ற வேண்டி வந்தால் மொத்தச் செலவு கூடத்தான் செய்யும்.

நான்காவது, முத்திரை. செய்தவர் பெயர், ஊர், செய்த மாதம், எத்தனை கிலோ தாங்கும் என்ற விவரம் கருவியிலேயே பதிந்திருக்க வேண்டும். லேத் பட்டறைக்காரர்களும் நம்மவர்களே. அவர்கள் சரக்கை ஒதுக்கச் சொல்லவில்லை. பெயர் பதித்துத் தரச் சொல்லுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

ஐந்தாவது, பெல்ட். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் போதாது. விழும் வேகம் முழுவதும் இடுப்பில் இறங்கி முதுகெலும்பையும் வயிற்றையும் தாக்கும். தொடை, இடுப்பு, மார்பு, தோள் என்று பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் முழு உடல் பெல்ட்டே வேண்டும். இதற்கு ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பெல்ட்டின் கயிறு கருவியில் மாட்டப்படாமல் மரத்தைத் தனியாகச் சுற்றியிருக்க வேண்டும். கருவியில் மாட்டினால் கருவி நழுவும்போது ஆளும் சேர்ந்தே நழுவுவார். தளர்வாகச் சுற்றிய கயிறும் மரத்தோடு சறுக்கி இறங்கும். ஆகவே பாரம் விழுந்தவுடன் இறுகிப் பிடிக்கும் வகைதான் பயன்படும்.

இன்னொன்றும் நமக்கே உரியது. பெல்ட்டை விளம்பரத்துக்காகக் கடை வாசலில் வெயிலில் தொங்கவிடுகிறோம். நைலான் பட்டை வெயிலில் நாளடைவில் பலம் இழக்கும். ஆறு மாதம் வாசலில் காய்ந்து நிறம் வெளுத்த பெல்ட்டைத் துடைத்துக் கொடுப்பது, கெட்டுப்போன மாவைச் சலித்துக் கொடுப்பதற்குச் சமம். வாசலில் ஒரு படத்தை மாட்டிவிட்டுச் சரக்கை உள்ளே வையுங்கள்.

இந்த விஷயத்தில் அயல்நாட்டு வணிகம் ஒன்றையும் கவனிக்கலாம். அமெரிக்காவில் மான் வேட்டைக்குச் செல்பவர்கள் மரத்தில் பட்டையால் கட்டித் தொங்கவிடும் சிறு இருக்கையில் பதினைந்து, இருபது அடி உயரத்தில் மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். நமது நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கு இடமில்லை. அந்தச் சரக்கு நமக்கு வேண்டியதும் இல்லை. ஆனால் அதை விற்கும் முறை நமக்கு வேண்டும். அங்கேயும் அந்த இருக்கையிலிருந்து விழுந்து முடமானவர்கள் ஏராளம். அங்குள்ள மர இருக்கை உற்பத்தியாளர் சங்கம் ஒரு தரவிதி வகுத்தது. அதன்படி எந்த இருக்கையை விற்றாலும், அது எவ்வளவு மலிவானதாக இருந்தாலும், முழு உடல் பெல்ட்டும் அதே பெட்டியில் இருக்க வேண்டும். தரையை விட்டுக் கால் எடுத்தது முதல் மீண்டும் தரையில் கால் வைப்பது வரை பெல்ட் மாட்டியே இருக்க வேண்டும் என்றும் சொல்லித் தருகிறார்கள். தொழில் செய்பவர்களின் சங்கமே கூடி இதை முடிவு செய்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது?

"பெல்ட் சேர்த்தால் விலை ஏறும், நான் சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்" என்று நண்பர்கள் சொல்வது நமக்குத் தெரியும். அதில் நியாயம் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மரத்துக்கு 40 ரூபாய் கூலி, ஒரு நாளைக்கு 40 மரம் என்று வைத்துக்கொண்டால் 1,600 ரூபாய். பெல்ட்டுக்காக 2,000 ரூபாய் கூடுதல் என்று கொண்டாலும் அது ஒன்றேகால் நாள் கூலிதான். இதை வாடிக்கையாளர் முன்னிலையில் சிட்டையில் எழுதிக் காட்டுங்கள்; பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். கையில் ரொக்கம் இல்லாதவருக்குப் பெல்ட்டின் தொகையை மட்டும் இரண்டு தவணையில் வாங்கிக்கொள்ளலாம். உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் கடன் கொடுக்கும் நாம் உயிர் காக்கும் பொருளுக்குக் கொடுக்கக் கூடாதா? அடுத்த கடைப் பிரச்சினைக்கு மருந்து, அடுத்த கடைக்காரரும் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதுதான்.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளால் ஏற்படும் தீங்குக்கு விற்பனையாளரும் பொறுப்பாகும் சந்தர்ப்பங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. உற்பத்தியாளர் யாரென்று தெரியாவிட்டால், விற்பனையாளர் பொருளை மாற்றியமைத்து அதனால் தீங்கு வந்தால், பூட்டிக் கொடுப்பதிலும் சோதிப்பதிலும் கவனம் தவறினால், உற்பத்தியாளர் தந்த எச்சரிக்கையை வாங்குபவருக்குத் தெரிவிக்காவிட்டால் நமது பெயரில் வழக்கு வரலாம். பெயரில்லாத கருவியை விற்கிறவர் தமது பெயரையே அதில் எழுதிக் கொடுக்கிறார் என்று அர்த்தம். பொருளைத் தவறாகப் பயன்படுத்தியதால் வந்த தீங்குக்கு விற்பனையாளரைப் பொறுப்பாக்க முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே எச்சரிக்கைகளைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்து, பில்லில் கையெழுத்து வாங்கி வைப்பது நமக்கே காப்பு.

தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் "தென்னை மரங்களின் நண்பர்கள்" என்ற பெயரில் பயிற்சி நடத்தி, பயிற்சி முடித்தவர்களுக்குக் கருவியும் கொடுத்து வந்தது. மரமேறும் தொழிலாளர்களுக்கு விபத்துக் காப்பீடும் வாரியத்தின் திட்டங்களில் உண்டு. பிரீமியத்தில் பெரும்பகுதியை வாரியமே ஏற்றது. இந்த விவரம் கடைக்கு வரும் பலருக்குத் தெரியாது. வாரியத்தின் விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கிக் கல்லா பக்கத்தில் வைத்தால் ஒரு குடும்பத்துக்கு உதவிய புண்ணியம் நமக்குச் சேரும்.

ஆகவே அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக வைக்க மூன்று யோசனைகளை முன்வைக்கிறோம். ஒன்று, நமது உறுப்பினர் எவரும் முழு உடல் பெல்ட் இல்லாமல் மரமேறும் கருவி விற்பதில்லை. பில்லில் இரண்டும் ஒரே வரியில், ஒரே விலையில் இருக்கட்டும். இரண்டு, செய்தவர் பெயரும் தாங்கும் எடையும் இல்லாத சரக்கை மொத்த வியாபாரிகள் இறக்குவதில்லை. மூன்று, பெல்ட்டைச் சங்கத்தின் மூலம் மொத்தமாகக் கொள்முதல் செய்து அடக்க விலைக்கே உறுப்பினர்களுக்குக் கொடுப்பது. விலை குறைய இதைவிட நேர்மையான வழி இல்லை.

கைபேசியில் படம் பார்த்து வீட்டுக்கே சரக்கை வரவழைக்கும் காலம் இது. அந்தப் பெட்டியைப் பிரித்து, இடுப்பளவு உயரத்தில் ஒருமுறை மாட்டிக் காட்டி, "ஈர மரத்தில் ஏறாதே, கீழே ஒரு ஆள் இல்லாமல் ஏறாதே, மின்கம்பி பக்கத்து மரத்தில் இரும்புக் கருவியோடு போகாதே, ஏறுமுன் கம்பியைத் தடவிப் பார்" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. நம் கடையில் இருக்கிறோம். நாம் பிழைத்திருப்பதற்கான காரணமும் அதுதான்.

ஏற விட்டு ஏணியை எடுத்தவர்கள் என்ற பெயர் வணிகருக்கு வேண்டாம். சாக்கில் கட்டி வந்த அந்தக் கருவி இன்னும் நமது கிடங்கின் மூலையில் கிடக்கிறது. அதைத் திரும்ப விற்கவில்லை, விற்கவும் மாட்டோம்.