டைரக்ட் ஃப்ளைட்டுக்கு 18,000 ரூபாய் கூடக் கொடுக்கலாமா?

"நேரம்தான் பணம், அதனால டைரக்ட் ஃப்ளைட்டையே எடுங்க" என்று சொல்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவங்க உங்க சம்பளத்தை வெச்சு கணக்கு போடலை.

சென்னை - லண்டன் ரூட்டையே எடுத்துக்குவோம். நேர் தூரம் சுமார் 8,200 கி.மீ. நிற்காமல் போனால் ஏறக்குறைய 11 மணி நேரம். துபாய் வழியா போனா? சென்னை - துபாய் சுமார் 2,900, துபாய் - லண்டன் சுமார் 5,500. மொத்தம் 8,400தான். அதாவது துபாய் கிட்டத்தட்ட போற வழியிலேயே இருக்கு. நேரம் போவது சுற்றிப் போவதால் இல்லை, நடுவில் ஏர்போர்ட்டில் ஐந்தாறு மணி நேரம் உட்கார்ந்திருப்பதால்.

இப்போ கணக்கு. ஒரு பேச்சுக்கு, ரிட்டர்ன் டிக்கெட் டைரக்டில் 70,000, துபாய் வழியில் 52,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்கு 7 மணி நேரம் கூடுதல், இரண்டு பக்கமும் சேர்த்து 14. வித்தியாசம் 18,000 ரூபாய். ஆக, மிச்சமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் 1,285 ரூபாய் கொடுக்கிறீங்க. மாசம் 60,000 சம்பளம், 22 நாள், தினம் 8 மணி நேரம்னா உங்க ஒரு மணி நேரத்தோட விலை 341 ரூபாய். அதுவும் அந்த 18,000 கிரெடிட் கார்டு இஎம்ஐயில் போகுதுன்னா, சொல்லவே வேண்டாம்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கு. உங்ககிட்ட உண்மையில் குறைவா இருக்கிறது மணி நேரம் இல்லை, லீவு.

போகும்போது இது தெரியாது. குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். விடியற்காலை 5.30க்குக் கிளம்பினால் அதே நாள் காலை 11 மணிக்கு அங்கே இறங்கிடலாம். திரும்பும்போதுதான் அடி விழும். ஞாயிறு மதியம் 1 மணிக்கு லண்டனில் ஏறினால், டைரக்டில் பத்து மணி நேரப் பயணம்னு வெச்சாலும், திங்கள் விடியற்காலை 4.30க்குச் சென்னை. தூக்கக் கலக்கத்தோடாவது லாகின் பண்ணிடலாம். துபாய் வழியில் அதுவே திங்கள் காலை 11.30. ஒரு லீவு போச்சு. அதனால் விலையைப் பார்க்கும் முன்னாடி ரிட்டர்ன் ஃப்ளைட் சென்னைக்கு எத்தனை மணிக்கு வருதுன்னு பாருங்க. பத்து நாள் லீவில் ஒரு நாள் போவது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று. இன்னும் மலிவா கிடைக்குதுன்னு இரண்டு கம்பெனியில் தனித்தனியா டிக்கெட் போடாதீங்க. முதல் ஃப்ளைட் லேட்டாகி இரண்டாவது போயிடுச்சுன்னா பொதுவா அந்தக் காசு அவ்வளவுதான். பெட்டியை நடுவில் எடுத்து மறுபடி போட வேண்டியிருந்தா அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். நடு ஏர்போர்ட்டில் கடைசி நிமிஷம் வாங்கும் டிக்கெட்டுக்கு 18,000 போதாது.

அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறீங்கன்னா மட்டும் நான் மேலே போட்ட கணக்கு எதையும் பார்க்காம டைரக்ட் எடுத்துடுங்க.