தொழில்நுட்பக் கல்வி: செலவும் பயனும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் போதெல்லாம் கந்தளாய் போன்ற ஊர்களின் பல வீடுகளில் ஒரே கேள்வி எழுகின்றது. பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளையின் அடுத்த வழி என்ன? பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோரில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினருக்கே அண்மைக் காலத்தில் அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்து வருகின்றது. எஞ்சியோருக்குத் தொழில்நுட்பக் கல்வியைச் சுட்டிக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆனால், அதற்காக ஒரு குடும்பம் செலவிடுவது எவ்வளவு, திரும்பப் பெறுவது எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பவர்கள் மிகச் சிலரேயாவர்.

அரச தொழில்நுட்பக் கல்லூரிகளிலும், உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் கீழுள்ள நிலையங்களிலும் முழுநேரப் பாடநெறிகளைப் பயில்வதற்குப் பெருந்தொகை தேவைப்படுவதில்லை. எனினும் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்றாகிவிடாது. கந்தளாயிலிருந்து திருகோணமலை நகரம் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. நாள்தோறும் பஸ்ஸில் சென்றுவரும் மாணவனின் பயணச் செலவும் மதிய உணவும் 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின்னர் ஏழைக் குடும்பங்களுக்குப் பெரும் சுமையாகியுள்ளன. அதனிலும் பெரிய செலவு ஒன்று உண்டு. வயலிலோ, கடையிலோ, மேசன் வேலையிலோ அந்த இளைஞன் உழைத்திருக்கக்கூடிய இரண்டு மூன்று வருடக் கூலியே அதுவாகும். கற்கத் தொடங்கிய பிள்ளைகள் இடைநடுவில் விலகுவதற்குப் பாடத்தின் கடினத்தை விட இந்தக் கணக்கே பல வீடுகளில் காரணமாகின்றது.

இத்தனை செலவுக்கும் பயன் உண்டா? உண்டு, ஆனால் அது பெறும் சான்றிதழைப் பொறுத்ததாகும். என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ்கள், ஐந்தாவது டிப்ளோமா, ஆறாவது உயர் டிப்ளோமா, ஏழாவது பட்டம். இந்த ஏணியில் ஏறுவோர் பட்டம் வரை செல்வதற்காகவே 2008 ஆம் ஆண்டின் சட்டமொன்றின் மூலம் இரத்மலானையில் யுனிவோடெக் பல்கலைக்கழகம் அமைக்கப்பட்டது. தேசிய தகைமையுடன் தொடர்பில்லாத சான்றிதழுக்காகத் தனியார் நிலையங்களில் பணத்தைக் கொட்டும் பெற்றோர், அந்த ஏணிக்கு வெளியே தமது பிள்ளையை நிறுத்திவிடுகின்றனர்.

அரச நிறுவனமொன்றின் டிப்ளோமாவுக்கும் உரிய மதிப்பு தானாக வந்துவிடுவதில்லை. கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமாவைப் பட்டத்துக்குச் சமமாக ஏற்குமாறு கோரி 2015 ஒக்டோபரில் கொழும்பில் ஊர்வலம் சென்ற மாணவர்கள் பொலிஸாரின் தடியடிக்கு உள்ளானதை நாம் மறந்துவிட முடியாது.

தேசிய அங்கீகாரம் ஏன் அவசியம் என்பதைக் கந்தளாய் தனது சொந்த அனுபவத்திலேயே கண்டுள்ளது. 1960 இல் இயங்கத் தொடங்கிய சீனித் தொழிற்சாலை 1993 இல் மூடப்பட்டது. ஒரு தொழிற்சாலைக்குள் மட்டுமே மதிக்கப்படும் திறமை, அதன் வாயிற்கதவு மூடப்படும்போது மதிப்பிழக்கின்றது. எங்கும் ஏற்கப்படும் தகைமையோ தொழிலாளியுடன் கூடவே செல்கின்றது. 2022 இல் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் தொழிலுக்காக வெளிநாடு சென்றனர். ஒரே விமானத்தில் கட்டாருக்குச் செல்லும் இருவரில் ஒருவர் சாதாரண தொழிலாளியாகவும் மற்றவர் மின்னிணைப்பாளராகவும் இறங்குவாராயின், அந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கையிலுள்ள சான்றிதழேயாகும்.

எல்லோரும் டிப்ளோமா படிக்க வேண்டும் என்பதும் இல்லை. பல வருடங்களாக மேசனாகவோ வெல்டராகவோ தொழில் செய்பவர், வகுப்பறையில் நாட்களைச் செலவிடாமலேயே தனது அனுபவத்தை மதிப்பீட்டுக்கு உட்படுத்தி தேசிய தகைமையைப் பெற முடியும். மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் இந்த வழியைப் பற்றி எமது மக்களில் பலர் இன்னும் அறியாதிருப்பது கவலைக்குரியது.

மாவட்டத்தில் வாய்ப்புகள் இல்லாமலும் இல்லை. சீனக்குடாவில் மா ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் எண்ணெய்த் தாங்கிகளும் உள்ளன. சம்பூரில் 120 மெகாவோற் சூரிய மின்திட்டத்துக்கான ஆரம்பப் பணிகள் 2025 ஏப்ரலில் தொடக்கி வைக்கப்பட்டன. இவற்றுக்குத் தேவையான கைகள் இம்மாவட்டத்தில் உருவாகாவிட்டால் வெளியிலிருந்தே வரும். பின்னர் குறைகூறிப் பயனில்லை.

ஆகவே அரசாங்கத்திடம் நாம் வேண்டுவது இரண்டு. தமிழ்மொழி மூலமான போதனாசிரியர்கள் போதியளவு நியமிக்கப்பட வேண்டும். தூர இடங்களிலிருந்து வரும் மாணவியருக்குப் பாதுகாப்பான விடுதி அமைய வேண்டும். விடுதி இன்மையால் கல்வியை நிறுத்தும் பெண்பிள்ளைகளின் இழப்பு எந்தக் கணக்கிலும் சேர்க்கப்படுவதில்லை.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளுக்கும் ஆலய பரிபாலன சபைகளுக்கும் இதில் பொறுப்புண்டு. தகுதியுடைய வறிய மாணவர் ஒருவரின் பஸ் கட்டணத்தை இரண்டு வருடங்களுக்கு ஏற்றுக்கொள்வது பெரும் நிதியை வேண்டும் காரியமன்று. ஸகாத் நிதியையும் கூட்டுக் கொடையையும் ஒழுங்குபடுத்தினால் ஊருக்குப் பத்துப் பிள்ளைகளையாவது கரைசேர்க்கலாம்.

பெற்றோரும் விண்ணப்பப் படிவத்தில் கையொப்பமிடும் முன்னர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்நிலையம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா? முடிவில் கிடைப்பது எந்த மட்டத் தகைமை? எந்த மொழியில் கற்பிக்கப்படும்? இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைக்குமாயின், பிள்ளைக்காக விட்டுக்கொடுக்கும் கூலி வீண்போகாது. பதில் கிடைக்காவிடின், கட்டணமில்லாத படிப்பும் விலை கூடியதே என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.